பைலட்டம்மாவின் வலது கால்

திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்கும். ஹாரன் அடிக்காது. ஹெட்லைட் ஒருமுறை சிமிட்டும், அவ்வளவுதான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவேன். முன் இருக்கை எனக்கு. பின்னால் தையற்காரம்மாவும், தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவரும் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மூவருக்கும் சிறுநீரகம் கைவிரித்துவிட்டது. அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டயாலிசிஸ் மையத்துக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்ப வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குப் பைலட்டம்மா என்று பெயர் வைத்தது தையற்காரம்மாதான். வண்டியைக் கிளப்புவதற்கு முன் தினமும் கழுத்தைத் திருப்பி, "பெல்ட் போட்டாச்சா? மாத்திரை எடுத்தாச்சா? பாத்ரூம் போயாச்சா?" என்று கேட்பார். மூன்றுக்கும் மூன்று பேரும் தலையாட்டாமல் வண்டி ஓர் அங்குலம் நகராது.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கிறார். முப்பது வயது வரைக்கும் பைலட்டம்மா ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாக இருந்தார். ஒருநாள் அந்த வேன் டிரைவர் யாரோடோ போனில் சண்டை போட்டு, நடுவழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பதினேழு பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார் பைலட்டம்மா.

"இனிமே ஒருத்தரை நம்பி நடுரோட்டுல நிக்கமாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் ஐயா. அடுத்த வாரமே டிரைவிங் கிளாஸ்ல சேர்ந்துட்டேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பிறகு அதே வேனைப் பதினோரு வருஷம் ஓட்டினார். டயாலிசிஸ் மையத்துக்கு வந்து ஏழு வருஷம்.

இத்தனை வருஷம் மிதித்ததில் வலது முழங்கால் தேய்ந்துபோனது. எங்களிடம் அதை அவர் சொல்லவில்லை. ஆனால் மையத்துக்கு வந்து சேர்ந்ததும் உடனே இறங்கமாட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். நாங்கள் பார்க்காத மாதிரி போவோம். ஆக்ஸிலரேட்டரில் காலை ஒரே நிலையில் ஒரு மணி நேரம் வைத்திருக்கிற வேலை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டே இரண்டு மாதம் வண்டி ஓட்டியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் மையத்துக்குப் புது கார்கள் வந்தன. கியர் போடத் தேவையில்லாத வண்டி. குரூஸ் கன்ட்ரோல் உண்டு. வேகத்தைக் குறித்து ஒரு பட்டனை அழுத்திவிட்டால் கால் வைக்காமலே வண்டி அந்த வேகத்தில் போகும். முன்னால் வண்டி வந்தால் தானே மெதுவாகும், விலகிவிட்டால் மறுபடி வேகம் பிடிக்கும். மோதுகிற மாதிரி நெருங்கினால் சிவப்பு விளக்கு எரிந்து பீப் பீப் என்று கத்தும். கொண்டுவந்து விட்ட விற்பனையாளர் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள் நெடுஞ்சாலையில் ஏறியதும் பைலட்டம்மா பட்டனை அழுத்தினார். மெதுவாகக் காலை எடுத்தார். வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, என் கால் சும்மா இருக்கு!" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. மையத்தில் போய் நின்றதும் எங்களுக்கு முன்னால் குதித்து இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். கைப்பையில் இருந்த கடிதம் அன்றைக்குக் கிழிந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் சுகமாகப் போனது. நாள் ஆக ஆக, அந்த வலது கால் பிரேக்கை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனதை முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் தரையில் நீட்டியிருந்தது. பிறகு இருக்கையோடு ஒட்டி மடங்கியது. ஒருநாள் வலி கொஞ்சம் கூடவே, இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு வந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அந்த வண்டி மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் புதன்கிழமை எங்களுக்கு முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. எங்கள் கார் அதன் வேகத்துக்குத் தானாக அடங்கிப் பின்னாலேயே போனது. திடீரென்று லாரி பக்கத்துத் தடத்துக்கு விலகியது. முன்னால் வழி விட்டதென்று கார் நினைத்துக்கொண்டது போல, வேகம் பிடித்து முன்னே பாய்ந்தது. அங்கே பழுதாகி நின்றுகொண்டிருந்தது ஒரு டிரெய்லர்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பீப் சத்தம் காதைக் கிழித்தது. மடங்கியிருந்த கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. டயர்கள் அலறின. என் கண்ணாடி மூக்கை விட்டுப் பறந்தது. கார் நின்றபோது டிரெய்லருக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் குறுக்கே நுழைகிற இடம்கூட இல்லை.

யாருக்கும் கீறல்கூட இல்லை. பைலட்டம்மா வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டிவிட்டு இறங்கி, சாலையோரத் தடுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். தையற்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "விடுங்கம்மா, ஒண்ணும் ஆகலியே. நாங்க யார்கிட்டயும் மூச்சு விடமாட்டோம்" என்றார்.

"நீங்க விடவேணாம்க்கா. நானே சொல்லிடறேன்" என்றார் பைலட்டம்மா.

சொன்னார். மையத்தின் வண்டிப் பிரிவு மேனேஜர் முன்னால் நின்று, கால் எங்கே இருந்தது என்பது உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னார். மேனேஜர் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் பயந்துவிட்டார். மூன்று வாரம் வண்டி ஓட்டக்கூடாது என்றார். மையத்தின் எந்தக் காரிலும் இனி அந்தப் பட்டனை யாரும் தொடக்கூடாது என்றும் உத்தரவு போட்டார். பட்டன் இல்லையென்றால் முழங்கால் இல்லை, முழங்கால் இல்லையென்றால் வேலை இல்லை. பைலட்டம்மாவுக்கு அது அந்த அறையிலேயே புரிந்துவிட்டது.

"சார், தப்பு பட்டன் மேல இல்ல. பத்து நிமிஷத்துல கத்துக்கிட்டு ஓட்டினேனே, அந்தத் தப்பு என்னுது. இந்த மூணு வாரத்துல ஒழுங்கா கத்துக்கறேன். வெளியிலேர்ந்து யாரையாவது கூட்டிவந்து பரீட்சை வைங்க. தோத்தா நானே சாவியைக் குடுத்துடறேன்."

"பார்க்கலாம்" என்றார் மேனேஜர். முடியாது என்று சொல்லவில்லை.

எங்களுக்கு வேறொரு டிரைவரைப் போட்டார்கள். எச்சரிக்கைச் சத்தம் தொல்லை என்று முதல் நாளே அதை அணைத்துவிட்ட மனிதர். முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டில் இருக்கிற தூசியை எண்ணலாம், அவ்வளவு நெருக்கமாக ஓட்டுவார். பம்ப் ஆபரேட்டர் அந்த மூன்று வாரமும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார். கேட்டால், "பார்த்தாத்தானே பயம்" என்பார்.

பைலட்டம்மா வீட்டில் உட்காரவில்லை. பஸ் பிடித்து மையத்துக்கு வந்துவிடுவார். கையில் காரோடு வந்த கையேடு இருக்கும். நானூற்றுச் சொச்சம் பக்கம், கடுகு சைஸ் எழுத்து. எங்கள் மூன்று கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிப்பார். மெஷினில் கட்டிப்போட்ட எங்களுக்கு ஓடவும் வழியில்லை. நர்ஸ் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "என்னம்மா, டயாலிசிஸ் வார்டா, டிரைவிங் ஸ்கூலா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் நான். அடிக்குறிப்புகளில்தான் விஷயம் ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொடி எழுத்துகளை நான் வாசித்தேன். அங்கே அத்தனையும் இருந்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியை இந்த அமைப்பு சில நேரம் கண்டுகொள்ளாது. மழையிலும் பனிமூட்டத்திலும் வழுக்கும் சாலையிலும் குரூஸைப் போடக்கூடாது. வளைவுகளிலும் நெரிசலிலும் கூடாது. எச்சரிக்கை என்பது உதவிதானே தவிர, பொறுப்பு முழுக்க ஓட்டுநருடையது.

"இதையெல்லாம் முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கணும்!" என்று கட்டிலில் இருந்தபடியே பொங்கினார் தையற்காரம்மா.

"போட்டிருந்தா மட்டும் நான் படிச்சிருப்பேனாக்கா?" என்றார் பைலட்டம்மா.

படித்தது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பைலட்டம்மாவின் கொழுந்தனார் ஒரு மெக்கானிக். அவருக்குத் தெரிந்த மரச்சாமான் கிடங்கின் பின்னால் ஒரு பெரிய காலி மைதானம் இருந்தது. மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கொடுக்கச் சம்மதித்தார். சாவியை நம்பிக் கொடுக்க மனசு வராமல் தானும் கூடவே வந்தார். நானும் பம்ப் ஆபரேட்டரும் போனோம். பெரிய பெரிய வெற்று அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியது பம்ப் ஆபரேட்டர்தான்.

"நாப்பதுல வாங்க அண்ணி. குரூஸ் போட்டுட்டு நேரா பெட்டியைப் பார்த்து வாங்க. பிரேக்கைத் தொடாதீங்க" என்று கத்தினார் கொழுந்தனார்.

கார் வந்தது. பீப் சத்தம் வரும் என்று நாங்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு முனகல்கூட இல்லை. கார் பெட்டிகளுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. ஒரு பெட்டி மேனேஜரின் காலடியில் வந்து விழுந்தது. பம்ப் ஆபரேட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். காரிலிருந்து இறங்கி வந்த பைலட்டம்மாவும் முதலில் சிரித்தார். பிறகு நசுங்கிக் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதுக்கு இது கண்ணுலயே படல சார்" என்றார் மேனேஜரிடம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்ததாக, காரின் முன்பக்கச் சின்னத்தின் மேல் சேற்றை அப்பினார்கள். அதற்குப் பின்னால்தான் முன்வண்டியைக் கண்டுபிடிக்கிற ரேடார் இருக்கிறது. சேறு பட்டதும் அமைப்பு தூங்கிவிட்டது. ஒரு சின்ன மஞ்சள் எழுத்து மட்டும் மீட்டர் பக்கத்தில் வந்தது. கவனிக்காமல் விட்டால் போயிற்று. பிரேக் போட்டு குரூஸ் அணைந்த பிறகு, மறுபடி பழைய வேகத்துக்குப் போகிற பட்டனைத் தெரியாத்தனமாக அழுத்தினால் கார் எப்படிப் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது என்பதையும் பார்த்தோம். ஊருக்குள் திரும்புகிற இடத்தில் அப்படி ஆனால் என்ன கதி!

மிச்சம் இருந்தது கால். பிரேக் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் தொங்கலில் இருந்தால் முழங்கால் வலிக்கும். இதற்கு வழி சொன்னது மையத்தின் பிசியோதெரபிஸ்ட். இருக்கையை இரண்டு விரல் உயர்த்தி, ஒரு படி முன்னால் தள்ளி, பிரேக்குக்கு நேர் கீழே குதிகாலைத் தரையில் ஊன்றச் சொன்னாள். பாதம் மட்டும் பிரேக்கைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். எடை முழுக்கக் குதிகாலில். அழுத்த வேண்டுமென்றால் பாதத்தைச் சாய்த்தால் போதும். பைலட்டம்மா வீட்டில் நாற்காலியைப் போட்டு, சுவரில் சாய்த்து வைத்த பலகையை பிரேக்காக நினைத்து இதைப் பழகினாராம். "டிவி பார்க்கறப்போகூட காலை விடமாட்டேங்கறா, விளம்பரம் வந்தா பிரேக் போடறா" என்று கணவர் பேக்கரியில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை. மேனேஜர் வெளியிலிருந்து வரவழைத்தவர், ஓட்டுநர் தேர்வு எடுக்கும் ஒரு பெண் ஆய்வாளர். ஐம்பது தாண்டியவர், வெடுக்கென்ற பேச்சு. எங்களை வண்டிக்குப் பக்கத்தில் பார்த்ததும், "இவங்கல்லாம் யாரு?" என்றார்.

"பேஷண்டுங்க மேடம். தினம் இந்த வெயிட்டோடதானே வண்டி போகுது? இன்னிக்கும் அதே வெயிட் இருக்கணும்ல" என்றார் பம்ப் ஆபரேட்டர். ஆய்வாளர் ஒரு கணம் யோசித்துவிட்டு ஏறச் சொன்னார். முன் இருக்கை அவருக்கு. நாங்கள் மூவரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

பைலட்டம்மா ஏறுவதற்கு முன் ஈரத்துணியால் முன்பக்கச் சின்னத்தைத் துடைத்தார். முன் கண்ணாடியில், ரேடாருக்குத் துணையாகச் சாலையைப் பார்க்கிற கேமரா இருக்கிற இடத்தைத் துடைத்தார். மீட்டரில் மஞ்சள் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். முன்வண்டியோடு விடுகிற இடைவெளியை உள்ளதிலேயே நீளமாக வைத்தார். பிறகு கழுத்தைத் திருப்பி எங்கள் மூன்று பேரையும் வழக்கமான மூன்று கேள்வி கேட்டார். ஆய்வாளரையும் விடவில்லை. அவரும் தலையாட்டிவிட்டுத்தான் தப்பித்தார்.

நெடுஞ்சாலை காலியாக இருந்தது. குரூஸைப் போட்டார். நான் பின்னாலிருந்து எட்டி எட்டி அவர் காலைப் பார்த்தேன். குதிகால் பிரேக்குக்குக் கீழே ஊன்றியபடி இருந்தது. ஆய்வாளர் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்தார். குழந்தைகள் எத்தனை, வீடு சொந்தமா, டிவியில் என்ன பார்ப்பீர்கள். பைலட்டம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், ஆனால் ஒருதரமும் அவர் பக்கம் திரும்பவில்லை.

முன்னால் ஒரு வேன் வந்தது. கார் தானாக மெதுவானது. வேன் விலகப் போவதற்கான விளக்குப் போட்டதும் பைலட்டம்மா பாதத்தைச் சாய்த்து குரூஸை அணைத்தார்.

"ஏன் ஆஃப் பண்ணீங்க? வழி விடறாங்களே" என்றார் ஆய்வாளர்.

"வழி விடறாங்க மேடம். அதுக்கப்பால என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியலியே. பார்த்துட்டுப் போட்டுக்கறேன்."

வேன் விலகியது. சாலை சுத்தமாக இருந்தது. மறுபடி குரூஸ். ஆய்வாளர் நோட்டில் ஏதோ எழுதினார்.

கொஞ்ச தூரம் போனதும் நாலு தூறல் கண்ணாடியில் விழுந்தது. உடனே அணைத்தார். தூறல் நின்று, சாலை காய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி போட்டார். அதன் பிறகு ரயில் பாதைக்கு மேலே போகிற பெரிய பாலம் வந்தது. நல்ல ஏற்றம். உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே பைலட்டம்மா குரூஸை அணைத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

"மழையில்ல, வளைவில்ல, முன்னால வண்டியும் இல்ல. இங்க எதுக்கு?" ஆய்வாளரின் குரலில் கொஞ்சம் சலிப்பு.

பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. உச்சிக்கு ஏறினோம். இறக்கத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் வண்டிகள் அசையாமல் நின்றிருந்தன. வரிசையின் வால், இறக்கம் தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழேயே இருந்தது. பைலட்டம்மா பாதத்தை மெல்லச் சாய்த்தார். கார் தொட்டிலை நிறுத்துகிற மாதிரி நின்றது. முன் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னும் இரண்டு காரை நிறுத்தலாம். பின்னால் வருகிறவர்களுக்காக நாலு விளக்கையும் சிமிட்ட விட்டார். கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். பின்னால் வந்த ஒரு கார் அதைப் பார்த்து ஏற்றத்திலேயே அடங்கி நின்றது.

ஆய்வாளர் மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"அலாரமே அடிக்கலையே? ஒர்க் பண்ணுதா?"

"ஒர்க் பண்ணுது மேடம். நான்தான் அதுக்கு வேலை வைக்கல."

தையற்காரம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பின் இருக்கையிலிருந்து கைதட்ட ஆரம்பித்துவிட்டார். பம்ப் ஆபரேட்டர் சேர்ந்துகொண்டார். எனக்கு ஊசி குத்துகிற கை வலிக்கும், ஆனாலும் தட்டினேன். ஆய்வாளர் திரும்பி எங்களை முறைத்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை மூன்று பேருமே பார்த்தோம். சிரித்துக்கொண்டிருந்தார்.

மையத்துக்குத் திரும்பியதும் மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். ஆய்வாளர் இறங்கி, நோட்டை மூடிக்கொண்டு சொன்னார்: "உங்க உத்தரவை வாபஸ் வாங்குங்க. பட்டனைப் பூட்டிவெச்சு ஒண்ணும் ஆகாது. இந்தம்மா ஓட்டற மாதிரி உங்க டிரைவர் எல்லாரும் ஓட்டணும். எப்படி ஓட்டணும்னு இவங்ககிட்டயே எழுதி வாங்கி எல்லா வண்டியிலயும் ஒட்டுங்க."

பைலட்டம்மா எழுதினார். ஒரே பக்கம், கொட்டை எழுத்து. நான் பிழை திருத்தினேன். ஒரே ஒரு ஒற்றுப்பிழை. மையத்தின் பதினோரு டிரைவர்களும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் அந்த மைதானத்துக்கு வந்து, அட்டைப்பெட்டிக்குள் புகுந்து, வெலவெலத்து இறங்கினார்கள். சத்தத்தை அணைத்து வைத்த அந்த மனிதர் இரண்டு தடவை புகுந்தார். "இன்னொரு தரம் போகட்டுமாக்கா?" என்று மூன்றாவது தடவையும் கேட்டாராம். பெட்டி தீர்ந்துவிட்டது.

பரீட்சைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வெள்ளைக் கார் வந்து ஹெட்லைட்டைச் சிமிட்டியபோது, எங்கள் தெருவில் என் செருப்புச் சத்தம்தான் அன்றைக்குப் பெரிய சத்தம். அவ்வளவு வேகமாக இறங்கினேன்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு வாரம் லீவு போட்டார் பைலட்டம்மா. கணவர் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லையாம். ஒரு காரை வாடகைக்கு எடுத்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நானூற்றிருபது கிலோமீட்டரை வழியில் மூன்று இடத்தில் நின்று நின்று, தானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வந்ததும் போட்டோ காட்டினார். அலை முழங்கால் வரை நனைக்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக நிற்கிறார். பக்கத்தில் கணவர் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"இவர் ஏன் இப்படிப் பயந்துபோய் நிக்கறார்?" என்று கேட்டேன்.

"அலை வருதே, இதுக்கு பிரேக் எங்க இருக்குன்னு கேட்டார் ஐயா" என்று சொல்லிவிட்டு, மையத்தின் படிகளில் இரண்டிரண்டாக ஏறி உள்ளே போனார் பைலட்டம்மா.